தங்குநிலை அலுவலகமும் கொஞ்சம் துருவும்

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை. சத்தியம் செய்வது எனக்குப் புதிதல்ல. தங்குநிலை அலுவலகத்தில் ஆறு மாதத்துக்குள் பதினொரு முறை, வலது கையைத் தூக்கி, மூன்று பிரதிகளில் இதையே சொல்லியிருக்கிறேன். பதினொரு முறையும் முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டார்கள். அவர்களே நம்பிய ஆளை நீங்கள் நம்புவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

என் அக்கா மகள் இரும்புப் பாலங்கள் துருப்பிடிப்பதைப் பற்றி மேல்படிப்பு படிக்க இந்த நாட்டுக்கு வந்தவள். மூன்று வருடமாக என் வீட்டு மாடியறையில் இருந்தாள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, விரல் நீளத்தில் ஒரு சுரண்டும் தகடு இருக்கும். பேருந்துக் கம்பி, பக்கத்து வீட்டு கேட், என் சைக்கிள் எதையும் விட்டுவைக்க மாட்டாள். அதனால் நான் அவளைக் கூப்பிடுவது ‘சுரண்டி’ என்று. அவள் ஊரில் ஒரு பாலம் இருந்தது. ஒரு மழைநாளில் அது பாதி ஆற்றிலும் பாதி கரையிலுமாகக் கிடந்தது. அவளோடு ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேர் அன்றைக்கு அதன் மேல் இருந்தார்கள். இதற்கு மேல் அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பட்டத்தோடு திரும்பினால் அங்கே பாலங்களைச் சோதிக்கும் வேலை தயாராக இருந்தது. ஜூலை முதல் தேதி போய்ச் சேர வேண்டும். ஜூன் இருபதாம் தேதி அவளுடைய ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் பட்டம், பட்டம் கிடைத்தால் பாலம்.

பிப்ரவரி மாதத்தில் தங்குநிலை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

‘தங்கள் விசா இன்னும் பதினான்கு மாதங்களுக்குச் செல்லுபடியாகும். தாங்கள் செல்லுபடியாகவில்லை.’

நான் லிப்ட் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவன். மேலே போவதும் கீழே வருவதும் எனக்குப் புரியும். மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நடுவில் நிற்பதும் புரியும், அதற்குத்தான் எனக்குச் சம்பளமே. ஆனால் டிக்கெட் செல்லும், ஆள் செல்லாது என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

அலுவலகத்துக்குப் போனோம். காத்திருப்புக் கூடத்தில் ஈரக் கோட்டு வாடையும் பசை வாடையும் கலந்து அடித்தது. மேசையில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு பேனா. அதன் வாலைப் பல தலைமுறை மாணவர்கள் கடித்துத் துப்பியிருந்தார்கள். கூரையிலிருந்து ஒரு பழுப்புத் துளி சொட்டியது. வெளியே நல்ல வெயில். துளிக்குக் கீழே ஒரு வாளி, வாளிக்கு ஒரு கோப்பு எண். சுரண்டி வாளியையும் பார்த்தாள், கூரையையும் பார்த்தாள்.

“மாமா, அந்த உத்தரத்தைப் பாத்தீங்களா?”

“முதல்ல உன் கதையைப் பாரு” என்றேன்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்தவருக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் பஞ்சு இருந்தது. தாள் புரட்ட விரலை நனைக்கும் பஞ்சு. வைத்த நாளில் என்ன நிறமோ, இப்போது குளத்துப் பாசி நிறம். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு முறை அதைத் தொட்டுக்கொண்டார். நடுவில் மூக்கைத் தொட்டார், காதைத் தொட்டார், மறுபடி பஞ்சைத் தொட்டார். அந்த விரலால்தான் எங்கள் தாள்கள் எல்லாம் புரண்டன. மனதுக்குள் அவருக்கு ஈரவிரல் என்று பெயர் வைத்தேன்.

“விசா இருக்கே சார்” என்றாள் சுரண்டி.

“விசாங்கறது கதவைத் தட்டறதுக்கு அனுமதிம்மா.”

“தட்டினேன், திறந்து உள்ள விட்டீங்க. மூணு வருஷம் ஆச்சு.”

“உள்ள விட்டது வேற, தங்கறது வேற. நீ உள்ள இருக்கே, ஆனா தங்கல.”

“அப்ப நான் இங்க என்ன பண்ணிட்டிருக்கேன்?”

“அதைத்தான் நீ மூணு பிரதியில எழுதிக் கொடுக்கணும்.”

விஷயம் இதுதான். நவம்பரில் அவள் ஒன்பது நாள் ஒரு பழைய ரயில் பாலத்துக்கு அடியில் உட்கார்ந்து துருவை அளந்திருக்கிறாள். அவள் படிப்பே அதுதான். அலுவலகத்தின் சொல்விளக்கக் கையேட்டில் அதற்கு வேறு பெயர் இருந்தது: ‘படிப்பிடத்தில் இல்லாமை’. ஐந்து நாளுக்கு மேல் படிப்பிடத்தில் இல்லாதவருக்குத் தங்குநிலை போய்விடும். தங்குநிலை இல்லாத நாளில் வாங்கும் பட்டம் ‘பெறப்படாத பட்டம்’.

“பாலத்தைப் பத்திப் படிக்கறவ பாலத்துக்குப் போகாம, சலூனுக்கா போவா?” என்று கேட்டேன்.

ஈரவிரல் அப்போதுதான் என்னைக் கவனித்தார். “நீங்க யாரு?”

“இவளுக்கு ஆதரவாளர். தாய்மாமன்.”

“சான்று?”

நான் சுரண்டியைத் திரும்பிப் பார்த்தேன். “மாமா, இவர்கிட்ட சண்டை போடாதீங்க” என்றாள் அவள்.

ஈரவிரல் பஞ்சைத் தொட்டு ஒரு தாளைப் புரட்டி, ‘செவிவழிச் சான்று பெறப்பட்டது’ என்று எழுதி, என்னைச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“இன்னிக்குக் காலைல வகுப்பு இருக்கா?”

“இருக்கு சார்.”

“அப்ப இங்க என்ன பண்றே?”

“நீங்கதானே சார் பத்து மணிக்கு வரச் சொன்னீங்க.”

“வரச் சொன்னா வந்துடறதா? இது படிப்பிடமா?” என்று சொல்லி, ஒன்பதை அடித்துப் பத்தாக்கினார்.

அடுத்த முறை போனபோது பதினொன்று ஆனது. வகுப்பு இல்லாத நேரத்தில் வருகிறோம் என்றோம். வகுப்பு இல்லாத நேரத்தில் அலுவலகமும் இல்லை. போகாமல் இருந்து பார்த்தோம். ‘ஒத்துழையாமை’ என்று கடிதம் வந்தது. மறுபடி போனோம், பன்னிரண்டு. நோயாளி ஒவ்வொரு முறை படியேறும்போதும் ஒரு வியாதியைக் கூடுதலாக எழுதி அனுப்பும் ஆஸ்பத்திரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன்.

கையேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். செவ்வாய்க்கிழமை தோறும் திருத்தச் சீட்டு வரும். பழைய விளக்கத்தின் மேல் புது விளக்கத்தைப் பசை தடவி ஒட்டுவார்கள். ஒட்டி ஒட்டி அந்தப் புத்தகம் தண்ணீரில் விழுந்த ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. பக்கங்களுக்கு நடுவே பூச்சிகள் குடும்பம் நடத்தின. படிப்பு முடிந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்று தேடினேன். ‘சலுகைக் காலம்: தங்குநிலை உள்ளவருக்கு உரியது’ என்றிருந்தது. தங்குநிலையைத் தேடினேன். ‘தங்குநிலை: சலுகைக் காலத்துக்குத் தகுதியுடைமை’ என்றிருந்தது. எனக்குப் பக்கத்தில் கையில் நாற்பத்தேழாம் எண் சீட்டோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கத்திலும் விரலை வைத்துக்கொண்டு மாறி மாறிப் படித்தார்.

“எவ்வளவு நாளா படிக்கறீங்க?” என்றேன்.

“வந்தப்ப நான் மாணவன்ங்க” என்றார். அவருக்கு முன்வழுக்கை.

ஏப்ரலில் ‘திரும்பும் எண்ணம்’ குறித்த விசாரணை, அன்றைக்குப் பதிமூன்று. இதை இயக்குநரே நடத்துவார். அவர் அறை மாடியில், கூடத்துக்கு நேர் மேலே. சுவர் முழுக்க இரும்பு அலமாரிகள், அலமாரி முழுக்கக் கையேட்டின் பழைய பதிப்புகள். நடந்தால் தரை லேசாகத் துள்ளியது. சுரண்டி குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். நான் முறைத்தேன்.

இயக்குநர் பருத்த மனிதர். தேநீரில் பிஸ்கெட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். சுரண்டியின் பாஸ்போர்ட் அவருடைய தட்டுக்கு அடியில் விரிப்பாகக் கிடந்தது.

“படிச்சு முடிச்சதும் திரும்பிப் போயிடுவேன்னு என்ன உத்தரவாதம்?” என்றார், வாயில் பிஸ்கெட்டோடு.

“அம்மா அங்க இருக்காங்க. வேலை இருக்கு. பாலங்க இருக்கு சார்.”

அவர் ஒரு பட்டியலை எடுத்தார். “இருபது புள்ளி வேணும். அம்மாவுக்கு நாலு. புருஷன்?”

“இல்ல சார்.”

“இருந்தா பத்து. வீடு, நிலம்?”

“வாடகை வீடு சார்.”

“பாலம் பட்டியல்லயே இல்ல. நாய் இருக்கா?”

“இருந்துச்சு. செத்துப்போச்சு.”

“அடடா. உயிரோட இருந்தா ரெண்டு” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். “சரி, அம்மாவைப் போன்ல பிடி. பாசத்தோட அளவைப் பொறுத்து கூடப் போடலாம்.”

போனை நான் வாங்கிக்கொண்டேன். “அக்கா, நான்தான். இங்க ஒரு அதிகாரி இருக்காரு. கொஞ்சம் அழுங்க.”

“என்ன தம்பி சொல்றீங்க? அடுப்புல பால் இருக்கு.”

“பாலை இறக்கி வெச்சுட்டு அழுங்க. பொண்ணுக்குப் பட்டம் கிடைக்கணும்.”

“ஏன், பட்டத்துக்கு என்னாச்சு?” என்றது அந்தப் பக்கம். பதிலுக்குப் போனை இயக்குநர் பக்கம் நீட்டினேன். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “மூணு வருஷம் தம்பி… மூணு வருஷமா அந்தப் பிள்ளை ஒரு தடவகூட வீட்டுக்கு வரலியே…” என்று ஆரம்பித்த அழுகை, பட்டியலுக்காக அழுத அழுகை இல்லை. சுரண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம் பத்து செகண்டு” என்று குறித்தார். “அதிகம். நாப்பது செகண்டு வரைக்கும் திரும்பும் எண்ணம். அதுக்கு மேல போனா வீட்டு ஏக்கம். வீட்டு ஏக்கம் உள்ளவங்க முழுநேர மாணவரா இருக்க முடியாது.”

இப்படிச் சொல்லும்போது ஊறிப்போன பிஸ்கெட்டின் பாதி உடைந்து, தட்டைத் தாண்டி, பாஸ்போர்ட்டில் சுரண்டியின் புகைப்படத்தின் மேல் விழுந்தது. அதை அவர் கட்டைவிரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். முகம் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு வட்டம் மிஞ்சியது. அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ‘பாஸ்போர்ட் சேதமடைந்த நிலையில் உள்ளது. காரணம் கோரப்படுகிறது’ என்று எழுதினார்.

நான் பதவிசாகக் கேட்டேன்: “சார், கிடையாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டா நாங்க போயிடுவோமே?”

அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். அந்தக் கைக்குட்டையை நான் வர்ணிக்கப் போவதில்லை.

“பெரியவரே, நாங்க யாரையும் மறுக்கறதே இல்ல. மறுத்தா மேல்முறையீடு பண்ணுவாங்க, அப்புறம் காரணம் சொல்லணும். நாங்க விளக்கம் தர்றோம். ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்டா இன்னொரு சொல் தர்றோம். நாலாவது சொல்லுல அவங்களே மூட்டையைக் கட்டிடறாங்க. போன வருஷம் எண்ணூறு பேர் தானாவே போனாங்க. மறுப்பு எத்தனை தெரியுமா? ஒண்ணுகூட இல்ல. கனிவான சேவைக்கு விருது கொடுத்திருக்காங்க, பாருங்க” என்று சுவரைக் காட்டினார். விருதுக் கேடயம் தொங்கிய ஆணியும் துருப்பிடித்திருந்தது.

இறுதி விசாரணைக்குத் தேதி குறித்துக் கொடுத்தார்கள். ஜூன் இருபது, காலை பத்து மணி. வாய்மொழித் தேர்வும் அதே நாள், அதே மணி.

மாற்றிக் கேட்டோம். விசாரணையைத் தள்ளக் கேட்பது ‘வராமை’. தேர்வைத் தள்ளினால் ‘படிப்பில் முன்னேற்றமின்மை’. போதாததற்கு, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர்கள் மறுபடி செப்டம்பரில்தான் வருவார்கள். சுரண்டி அலுவலக வாசற்படியில் உட்கார்ந்து கைப்பிடிக் கம்பியைச் சுரண்டினாள். பெயிண்ட் தோலாக உரிந்தது.

“போதும் மாமா. நான் ஊருக்குப் போறேன். அவங்களுக்கும் அதானே வேணும்.”

“பட்டம் இல்லாம போய் என்ன பண்ணுவே?”

“பாலம் விழறதை வேடிக்கை பாப்பேன்.”

லிப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு வெளியே நின்று பேசியே முப்பது வருடம் ஓட்டியவன் நான். கதவு திறக்காவிட்டால் உள்ளேயே உட்காரச் சொல்லி, உள்ளே இருந்தபடியே ஆக வேண்டியதைப் பார்க்க வைப்பதுதான் வழி.

“தேர்வாளருங்களை இங்க வரச் சொல்லு” என்றேன்.

“விளையாடாதீங்க மாமா.”

“காத்திருப்புக் கூடத்துல தூங்கக்கூடாது, பாடக்கூடாது, பசை குடிக்கக்கூடாதுன்னு இருக்கு. தேர்வு நடத்தக்கூடாதுன்னு நானூத்திப் பன்னெண்டு பக்கத்துல எங்கயும் இல்ல.”

ஜூன் இருபது காலை மூன்று பேராசிரியர்கள் வந்து வரிசையில் நின்று சீட்டு வாங்கினார்கள். வந்த நோக்கம் என்ன என்று ஈரவிரல் கேட்டார். “இந்தப் பொண்ணைக் கேள்வி கேக்க” என்றார் அவர்களில் மூத்த பேராசிரியை. அலுவலகத்தின் நோக்கமும் அதுவே என்பதால் ஆட்சேபம் எழவில்லை. அவர்கள் நாற்பத்தேழுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

படம் காட்டத் திரை இல்லை. சுரண்டி கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து வாளிக்குப் பக்கத்தில் போட்டு ஏறினாள். கைப்பையிலிருந்து தகட்டை எடுத்தாள்.

“பெயிண்டுக்கு மேல பாத்தா ஒண்ணும் தெரியாது” என்று ஆரம்பித்தாள். “தட்டிக் கேக்கணும்.” சுவரோரமாக உத்தரத்தைத் தட்டினாள். கணீர் என்றது. கூடத்தின் நடுவில் தட்டினாள். அழுகிய பரங்கிக்காயைத் தட்டிய சத்தம் வந்தது. தகட்டை நுழைத்து ஒரு நெம்பு நெம்பினாள். உள்ளங்கை அகலத்தில் செதில் செதிலாக இரும்பு பெயர்ந்து வாளிக்குள் விழுந்தது. கூடத்தில் இருந்த எல்லோரும் கையேட்டை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பதிலைச் சுரண்டிக் காட்டினாள். கடைசியில் மூத்த பேராசிரியை கேட்டார்: “எத்தனை நாள் தாங்கும்?”

“மேல பாரம் இல்லேன்னா ஒரு வருஷம்.”

“மேல என்ன இருக்கு?”

ஈரவிரல் கவுண்டருக்குள்ளிருந்து பதில் சொன்னார்: “இயக்குநர் அறைங்க. பழைய கையேடெல்லாம் அங்கதான். நாலு டன்.”

மூன்று பேராசிரியர்களும் எழுந்து, பெஞ்சைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தார்கள். அங்கிருந்தபடியே அவள் தேறிவிட்டதாக அறிவித்தார்கள். மணி பத்து ஐம்பது. அதற்குள் சத்தம் கேட்டு இயக்குநர் இறங்கி வந்திருந்தார். தம் தலைக்கு மேல் இருப்பதையும், இத்தனை வருடம் தம் காலுக்குக் கீழ் இருந்ததையும் அப்போதுதான் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“எழுதிக் கொடும்மா. இந்த இடத்தைக் காலி பண்ணணும்னு உடனே எழுதிக் கொடு. இல்லாட்டி புதுக் கட்டடம் தர மாட்டானுங்க.”

சுரண்டி நாற்காலியிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டாள். “நான் எழுதினா செல்லாதே சார். நான் செல்லுபடியாகாத ஆளு. இப்ப வாங்கினதும் பெறப்படாத பட்டம்.”

கூரையிலிருந்து ஒரு துளி இயக்குநரின் தோளில் விழுந்தது.

“முத்திரை எங்கய்யா?” என்று அவர் கத்தினார்.

நான்கு மாதமாக முடியாத காரியம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. பதிமூன்று நாள் ‘இல்லாமை’யும் ‘களப்பணி’ ஆயிற்று. ஒரு நிமிடம் பத்து செகண்டு அழுகை ‘போதுமானது’ ஆயிற்று. பாஸ்போர்ட்டில் இருந்த பிஸ்கெட் வட்டத்தைச் சுற்றி ஈரவிரல் கோடு போட்டு ‘அலுவலகக் குறி’ என்று எழுதினார். அவள் வாங்கிய பட்டம், வாங்கிய பட்டமாகவே ஆகிவிட்டது.

“அது மட்டுமில்ல” என்றார் இயக்குநர். “நீ இங்கயே இருந்துடு. எங்களுக்கு எட்டுக் கட்டடம் இருக்கு, எல்லாம் இந்த லட்சணம்தான். நிரந்தரமாவே போட்டுத் தர்றேன்.”

“விதிமுறை, கையேடு…”

“அதெல்லாம் நமக்கு ஆள் தேவைப்படாத நேரத்துக்கும்மா.”

“எனக்குத் திரும்பும் எண்ணம் இருக்கே சார்.”

“அதை யாரு கேட்டா இப்ப?”

“நீங்கதான். நாலு மாசமா” என்றாள் சுரண்டி.

உட்கார்ந்து நிதானமாக அறிக்கை எழுதிக் கொடுத்தாள். கட்டடம் அன்று மாலையே மூடப்பட்டது. முதலில் இயக்குநர் வெளியேறினார், அடுத்து விருதுக் கேடயம், அடுத்து கையேடுகள், கடைசியாக மாணவர்கள். முத்திரை அவள் ஒருத்திக்குத்தான் கிடைத்தது. மற்றவர்களுக்கு எதிர்த் தெருவில் புது அலுவலகம் திறந்து, சீட்டை ஒன்றாம் எண்ணிலிருந்து மறுபடி கொடுத்தார்கள். நாற்பத்தேழாம் எண்ணை வைத்திருந்தவருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கிடைத்தது. அந்தப் பஞ்சுக் கிண்ணத்தையும் மறக்காமல் கொண்டுபோனார்கள். பஞ்சை மாற்றவில்லை.

சுரண்டி ஜூலை முதல் தேதி ஊரில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரத்திலேயே ஒரு பாலத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு மூடச் சொல்லியிருக்கிறாள். ஊரே சுற்று வழியில் போகவேண்டியிருப்பதால் எல்லோரும் திட்டுகிறார்களாம். சந்தோஷமாக எழுதியிருந்தாள்.

அவள் போனபின் கோப்பை மூட ஆதரவாளர் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. எதிர்த் தெருவுக்குப் போனேன். புதுச் சுவரில் அதே கேடயம். இயக்குநர் நல்ல மனநிலையில் இருந்தார்.

“பெரியவரே, நாங்க கடுமையா நடந்துக்கறோம்னு ஊர்ல பேசறாங்க. எதுக்குங்கறேன்? ஒவ்வொரு சொல்லையும் சலிச்சு எடுக்கறோம். முப்பது வருஷத்துல ஒரு பொய்கூட எங்க கவுண்டரைத் தாண்டினதில்ல. கையைத் தூக்குங்க.”

தூக்கினேன். அந்தப் பெண்ணின் தாய்மாமன் நான்தான் என்று பதினொன்றாம் முறையாகச் சத்தியம் செய்தேன். ஈரவிரல் பஞ்சைத் தொட்டு மூன்று பிரதியிலும் முத்திரை குத்தினார்.

என்னைப் பெற்றவளுக்கு நான் ஒரே பிள்ளை.